முகூர்த்தத்துக்கு முந்தின நாள் வந்த பல்வலி

பல் டாக்டராகி வந்திருக்கிற பிள்ளைகளே, ரூட் கேனால் எப்படிச் செய்வது என்று நான் உங்களுக்குச் சொல்லித் தரப்போவதில்லை. அது என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். வேரின் நீளத்தை மெஷின் சொல்கிறது, உள்ளே கெட்ட நரம்பை எடுத்துச் சுத்தம் செய்வதை மோட்டார் பார்த்துக்கொள்கிறது, எக்ஸ்ரே எடுத்த கையோடு கம்ப்யூட்டரில் வந்து நிற்கிறது. நாங்கள் கையால் சுரண்டிச் சுரண்டி விரல் காய்த்துப்போன கதையைச் சொன்னால் கொட்டாவி விடுவீர்கள். வேண்டாம். நான் சொல்ல வந்தது அதற்கு முந்தைய கொஞ்ச நேரத்தைப் பற்றி. இந்தப் பல்லுக்கு ரூட் கேனால் வேண்டுமா, வேண்டுமென்றால் எந்தப் பல்லுக்கு என்று நீங்கள் முடிவு செய்கிற நேரம். அதற்கு எந்தக் கம்பெனியும் மெஷின் விற்பதில்லை. காது வேண்டும், கொஞ்சம் கல்நெஞ்சும் வேண்டும்.

டாக்டருக்குக் கல்நெஞ்சா என்று முறைக்காதீர்கள். கேட்டுவிட்டு முறையுங்கள்.

கடலூர் மஞ்சக்குப்பத்தில் நான் கிளினிக் வைத்திருந்தது உங்களில் சிலருக்குத் தெரிந்திருக்கும். அதை மூடுவதற்குச் சில வருஷங்களுக்கு முன்பு, வைகாசி மாதம், மண்டை பிளக்கிற வெயில். மத்தியானச் சாப்பாட்டுக்குக் கதவைச் சாத்தப் போனேன். வாசலில் ஒரு கார் வந்து நின்றது. இரண்டு பேர் இறங்கினார்கள். முன்னால் வந்தவர் ஐம்பதைத் தாண்டியவர், மொடமொடவென்று புது வேட்டி கட்டியிருந்தார். கையில் ஐஸ் வாட்டர் பாட்டில். கன்னம் ஒரு பக்கம் உப்பியிருந்தது. வீக்கம் என்று நினைத்தேன். கிட்டே வந்ததும் தெரிந்தது, வீக்கமில்லை, வாய் நிறையத் தண்ணீர்.

பின்னால் வந்தவர்தான் பேசினார்.

"வணக்கம் டாக்டரம்மா, நான் சேகருங்க. இவரு எங்க மாமா, கலியபெருமாள். எங்க அக்கா வூட்டுக்காரரு. ஊரு கீரப்பாளையம், வேலை இங்க சிப்காட்டுல ஒரு பேக்டரியில. நாளைக்கிக் காலையில சிதம்பரத்துல இவரு பொண்ணுக்குக் கல்யாணம். பல்லு வலி உயிரு போவுது. சட்டுனு ஏதாவது பண்ணி வுடுங்க. சாயங்காலம் மாப்ள அழைப்புக்கு நாங்க மண்டபத்துல நிக்கணும்."

"வலி அவருக்குத்தானே? அவரே சொல்லட்டும்."

"அவரு எங்கங்க பேசறது! வாயில ஜில் தண்ணி இருந்தா வலி இல்ல, முழுங்கிட்டா வலி. மூணு நாளா இவரு பேச வேண்டியதெல்லாம் நான்தான் பேசறேன். பந்தல்காரன்கிட்ட சண்ட போட்டதுகூட நான்தான்."

கலியபெருமாள் ஆமாம் என்று தலையாட்டினார். வாயில் இருந்ததை முழுங்கினார், முகத்தைச் சுளித்தார், அவசரமாக இன்னொரு வாய் ஊற்றிக்கொண்டார்.

இங்கேயே கொஞ்சம் நில்லுங்கள். நீங்களாக இருந்தால் உடனே நாற்காலியில் சாய்த்து, லைட்டைப் போட்டு, கண்ணாடியை வாய்க்குள் விட்டிருப்பீர்கள். தேவையே இல்லை. பாதி பதில் வாசலிலேயே பாட்டிலோடு நிற்கிறது. ஜில்லென்று ஏதாவது பட்டதும் சுருக்கென்று இழுத்து, முழுங்கியதும் வலி ஓடிப்போனால், அந்தப் பல்லின் நரம்பு பிழைத்துக்கொள்ளும். சொத்தையைச் சுரண்டி அடைத்து அனுப்பலாம். முழுங்கிய பிறகும் வலி போகாமல் உட்கார்ந்துகொண்டால், படுத்தால் கூடினால், ஒன்றுமே செய்யாமல் சும்மா இருக்கும்போதே தெறித்தால், நரம்பு திரும்பி வராத நிலைக்குப் போய்விட்டது. சூடு பட்டால் துடித்து, ஜில்லென்று இருந்தால்தான் அடங்குகிறது என்றால், அது கடைசிக் கட்டம். அதனால் நோயாளியிடம் "வலிக்குதா?" என்று கேட்காதீர்கள். வலிக்காமல் எவன் நம்மிடம் வருகிறான்? "வந்த வலி எவ்வளவு நேரம் நிக்குது? எது பட்டா வருது? எது பட்டா போவுது?" என்று கேளுங்கள்.

நானும் கேட்டேன். "எப்ப ஆரம்பிச்சுது?"

"ஒரு மாசமா டீ குடிச்சா வலிக்குதுன்னு சொல்லிக்கிட்டு இருந்தாருங்க," என்றார் சேகர். "இவருக்குப் பாய்லர்கிட்ட வேலை. ஒடம்பு சூடு ஏறிடுச்சுன்னு எண்ணெ தேச்சிக் குளிச்சாரு. எளநி, மோரு, ஊற வெச்ச வெந்தயம், ஒண்ணு பாக்கி இல்ல. ஜில்லுனு எது குடிச்சாலும் கேக்குது பாருங்க. அப்ப சூடுதானே?"

எனக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது. நம் ஊரில் கண் எரிந்தால் சூடு, வாய்ப்புண் வந்தால் சூடு, வேனல்கட்டி வந்தால் சூடு. பல்லை மட்டும் விட்டுவைப்பார்களா? அவரைச் சொல்லியும் குற்றமில்லை. இளநீர் குடிக்கிறார், வலி அடங்குகிறது. மோர் குடிக்கிறார், அடங்குகிறது. அவர் இடத்தில் நீங்களோ நானோ இருந்திருந்தால் இன்னொரு இளநீர் வெட்டச் சொல்லியிருப்போம். ஒவ்வொரு டம்ளர் மோரும் "நீ நினைக்கிறது சரிதான்" என்று அவருக்குச் சொல்லியிருக்கிறது. உள்ளே நரம்பு அழுகிக்கொண்டிருந்தது.

"அப்புறம் யார்கிட்டயும் காட்டலயா?"

"காலையில சிதம்பரத்துலயே ஒரு கிளினிக்குல காட்டினோம். மேல் கடவாப் பல்லுல பெரிய ஓட்டை இருக்குது, எடுத்துடலாம்னாங்க. மாமா நாக்காலியிலேர்ந்து எறங்கி ஓடியாந்துட்டாரு. கூட வேலை பாக்கறவங்க சொல்லி உங்ககிட்ட கூட்டியாந்தேன்."

"ஏன்?"

கலியபெருமாள் விரலால் மேல் பல்லைக் காட்டினார், பிறகு கண்ணைக் காட்டினார், பிறகு இரண்டு கையையும் விரித்தார். சேகர் மொழிபெயர்த்தார். "மேல் பல்லப் புடுங்கினா கண்ணு அவுட்டாயிடுமாமே? பொண்ணு கழுத்துல தாலி ஏறுறதக் கண்ணால பாத்துட்டு அப்புறமா வந்து புடுங்கிக்கிறேங்கறாரு."

இந்தக் கண் விவகாரத்துக்காக என் ஆயுசில் எத்தனை பேரிடம் தொண்டை கிழியக் கத்தியிருக்கிறேன் தெரியுமா! மேல் பல்லுக்கும் பார்வைக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்று சுவரில் எழுதிக்கூட மாட்டியிருந்தேன். அன்றைக்கு மட்டும் அந்த மூட நம்பிக்கைக்கு ஒரு கும்பிடு போட்டேன். ஏன் என்று சொல்கிறேன்.

அதற்கு முன்னால் சேகரின் கோரிக்கையைக் கேளுங்கள். "நாளைக்கிக் காலையில வரைக்கும் மரத்துப் போயி கெடக்கற மாதிரி பெரிய ஊசியா ஒண்ணு போட்டு அனுப்புங்க டாக்டரம்மா. கல்யாணம் முடியட்டும், மத்ததெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்."

"அப்படியெல்லாம் ஊசி கிடையாதுப்பா. ஒரு நாள்தானே? பாட்டிலைக் கையில வெச்சிக்கிட்டே கல்யாணத்தை முடிச்சிட்டு வரட்டுமே."

"அதாங்க முடியாது. எங்க வழக்கத்துல பொண்ணப் பெத்தவங்க தாரை வாத்துக் குடுக்கற வரைக்கும் பச்சத் தண்ணி பல்லுல படக் கூடாது. விடியறதுக்கு முன்னாடியே மணையில உக்கார வெச்சிடுவாங்க. அய்யரு பொகையப் போட்டு, நெய்ய ஊத்தி, ஜாஸ்தி நேரம் இழுப்பாரு. அனல் மூஞ்சிக்கு நேரா அடிக்கும். இவரு இந்த பாட்டில் இல்லாம ஒரு மந்திரத்துக்குத் தாங்க மாட்டாரு. அதனால இவரு அண்ணனும் அண்ணியும் உக்காந்து தாரை வாக்கட்டும்னு பெரியவங்க பேசி முடிச்சிட்டாங்க."

அப்போதுதான் கலியபெருமாள் முதல் தடவையாக வாயைத் திறந்தார். தண்ணீரை முழுங்கிவிட்டு, நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு பேசினார்.

"எனக்கு இருக்கறது ஒரே பொண்ணுங்க. எங்கண்ணன் தங்கமான மனுசன். ஆனா எம் பொண்ண நான்தான் குடுப்பேன்."

அவ்வளவுதான் சொன்னார். சொல்லி முடிப்பதற்குள் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, பாட்டிலை வாயில் கவிழ்த்துக்கொண்டார்.

நோன்பு என்றெல்லாம் கஷ்டப்படாமல் ரெண்டு வாய் தண்ணீர் குடித்தால் யார் கேட்கப்போகிறார்கள் என்று நான் சொல்லவில்லை. நீங்களும் சொல்லாதீர்கள். நம் வேலை பல்லைச் சரி செய்வது, அவர்கள் வழக்கத்தைச் சரி செய்வதில்லை.

சரி என்று உட்கார வைத்துப் பார்த்தேன். மேல் கடைவாய்ப் பல்லில் கறுப்பாகக் குழி. வழியில் போகிறவர்கூடக் காட்டிக்கொடுத்துவிடுவார். அதன் மேல் ஐஸ் வைத்தேன். சுருக்கென்றது, எடுத்ததும் போய்விட்டது. தட்டினேன், வலியில்லை. பிழைத்துக்கொள்ளக்கூடிய பல். கீழ் வரிசையில் அதே பக்கம், என்றைக்கோ சிமெண்ட் வைத்து அடைத்த பல் ஒன்று சாதுவாக உட்கார்ந்திருந்தது. வெளியில் ஒரு கீறல் இல்லை. அதைத் தட்டினால் லேசாக முகம் மாறியது. எக்ஸ்ரேயில் சிமெண்ட்டுக்கு அடியில் நிழல் மாதிரி ஏதோ தெரிந்தது. அதற்கும் பின்னால் இன்னொரு பல்லிலும் கொஞ்சம் சொத்தை. எதையும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை, ஏனென்றால் அவர் போட்டுக்கொண்டு வந்திருந்த வலி மாத்திரையும் ஐஸ் தண்ணீரும் சேர்ந்து வலியைத் தூங்க வைத்திருந்தன. அவரோ மேலேதான், மேலேதான் என்று விரலை எடுக்கவே இல்லை.

நரம்பு கெட்டுப்போன பல் செய்கிற போக்கிரித்தனம் இது. கீழ்ப் பல் நோகும், வலி மேலே தெரியும். காதில் குத்தும், நெற்றியில் இடிக்கும். வலது பக்கத்து வலி இடது பக்கம் தாண்டாது, அந்த ஒரு நாணயம்தான் அதற்கு உண்டு. மற்றபடி, நோயாளி காட்டுகிற இடத்தை நம்பிக் கை வைத்தால் நல்ல பல்லைப் பிடுங்கிக் கையில் கொடுத்துவிட்டு, வலியை அப்படியே வீட்டுக்கு அனுப்பிவைப்பீர்கள். காலையில் இவர் கண் போய்விடும் என்று பயந்து ஓடிவராமல் இருந்திருந்தால் அதுதான் நடந்திருக்கும். சிதம்பரத்து டாக்டரையும் குறை சொல்லமாட்டேன். கண்ணெதிரே ஓட்டை, நோயாளியும் அதையே காட்டுகிறார், வாயெல்லாம் ஜில்லென்று இருக்கிறது. யாராக இருந்தாலும் சறுக்குகிற இடம்.

நான் கையை நீட்டினேன். "பாட்டிலைக் குடுங்க."

அவர் கொடுக்கவில்லை. குழந்தையிடமிருந்து பொம்மையைப் பிடுங்குவது மாதிரி நான்தான் பிடுங்க வேண்டியிருந்தது. மேஜைக்கு அந்தப் பக்கம் வைத்தேன். பிறகு ஸ்டூலை இழுத்துப் போட்டு அவர் எதிரில் உட்கார்ந்தேன்.

"இப்ப என்னங்க?" என்றார் சேகர்.

"காத்திருக்கணும். வலி வரட்டும்."

"என்னது! வலி போறதுக்கில்லீங்களா உங்ககிட்ட வந்தோம்?"

வலி வந்தது. முதலில் கால் கட்டைவிரலை மடக்கினார். பிறகு தலையைப் பின்னால் சாய்த்தார். கொஞ்ச நேரத்தில் கன்னத்தைப் பொத்திக்கொண்டு முன்னுக்கும் பின்னுக்கும் ஆட ஆரம்பித்தார். பாய்லர் பக்கத்தில் நின்று பழகிய மனிதர், வாயிலிருந்து ஒரு சத்தம் வந்தது பாருங்கள், இன்னும் என் காதில் இருக்கிறது.

சேகர் எழுந்துவிட்டார். "யம்மா, நீங்க டாக்டரா என்னாங்க? மனுசன் துடிக்கறாரு, தண்ணியப் புடுங்கி வெச்சிட்டு வேடிக்கை பாக்கறீங்க! மாமா, எழுந்திரு, போவலாம்."

"வாயை மூடிக்கிட்டு உக்காருப்பா! அந்தத் தண்ணிதான் உங்க மாமாவை இந்த நெலமைக்குக் கொண்டாந்திருக்கு!" என்று நானும் கத்திவிட்டேன். அந்த நேரம் பார்த்து அவர் அக்கா போன் செய்தார். அவரிடமும் "மாமாவ சித்ரவதை பண்றாங்கக்கா" என்று சொல்லிவைத்தார் மனிதர்.

இந்த இடத்தில்தான் கல்நெஞ்சு வேண்டும் என்றேன். பாட்டிலைத் திருப்பிக் கொடுத்திருந்தால் இரண்டு பேரும் எனக்குக் கும்பிடு போட்டிருப்பார்கள். எனக்கும் சாப்பாடு ஆறிக்கொண்டிருந்தது. ஆனால் நாளைக் காலை அந்த மனிதர் மணையிலிருந்து எழுந்துபோவார், அவர் அண்ணன் வந்து உட்காருவார்.

வலி முழுசாக வந்த பிறகு முதலில் மேலே ஊசி போட்டேன். அவர் காட்டிய பல்லுக்கே போட்டேன். கொஞ்சம் பொறுத்து ஈறைக் குத்திப் பார்த்தேன்.

"தெரியுதா?"

"தெரியலீங்க. மரக்கட்டை மாரி இருக்குது."

"வலி?"

"அப்படியே இருக்குதுங்க! யப்பா... அப்படியே இருக்குது!"

சேகர் வாயைப் பிளந்தார். "மேல் பல்லு மரத்துப் போச்சு, வலி போவலன்னா என்னங்க அர்த்தம்?"

"மேல் பல்லு நிரபராதின்னு அர்த்தம்."

பிறகு கீழ்த் தாடைக்கு ஊசி. கெட்டுப்போன கீழ்ப் பல் அவ்வளவு சீக்கிரம் மரத்துவிடாது, உங்களுக்கே தெரியும், இன்னொன்றும் போட வேண்டியிருந்தது. நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். முதலில் தோள் இறங்கியது. பிறகு கை கன்னத்தை விட்டது. பிறகு புருவம். என்னைப் பார்த்துச் சிரித்தார், பாதி வாயால்தான் சிரிக்க முடிந்தது.

"போயிடுச்சுங்க."

நாம் சம்பாதிக்கிறதெல்லாம் அந்த ஒரு வார்த்தைதான், பிள்ளைகளே. வேறென்ன!

பிறகு சிமெண்ட் வைத்த பல்லைத் திறந்தேன். தாடை மரத்துப்போனதால் கீழ் வரிசை என்பது உறுதியாயிற்று, இந்தப் பல்தான் என்பது திறந்ததும் தெரிந்துவிட்டது. ஒரு வேரில் நரம்பு செத்துப் போயிருந்தது, இன்னொன்று ரத்தமாகக் கக்கியது. செய்ய வேண்டியதைச் செய்தேன், அந்த விவரம் உங்களுக்கு வேண்டாம். நடுவில் குறட்டைச் சத்தம் கேட்டது. கலியபெருமாள் தூங்கிவிட்டார். எத்தனை ராத்திரித் தூக்கமோ, பாவம். வாயைத் திறந்தபடியே தூங்கியது எனக்கு வசதியாகத்தான் இருந்தது.

சேகரின் போன் மறுபடியும் அடித்தது. "அக்கா, மாமா தூங்கறாரு," என்றார். அந்தப் பக்கத்திலிருந்து வந்த சத்தம் எனக்கே கேட்டது. "மாப்ள வூட்டுக்காரங்க வந்து எறங்கற நேரம், அவரு அங்க தூங்கறாரா?"

எழுப்பி, பல்லைத் தற்காலிகமாக அடைத்து, சொல்ல வேண்டியதைச் சொன்னேன். மரமரப்பு போனதும் கடித்தால் கொஞ்சம் நோகும், அது வேறு வலி, பயப்பட வேண்டாம். ராத்திரி சாப்பிட்டதும் மாத்திரை. கல்யாணம் முடிந்து மறுவீட்டு விருந்தெல்லாம் ஆன பிறகு வந்து மீதி வேலையை முடித்துக்கொள்ளலாம். சேகரிடம் தனியாக ஒன்று சொன்னேன். "தாரை வாத்த உடனே எனக்கு ஒரு போன் பண்ணுப்பா. எப்படி இருந்தாலும் பண்ணு."

ஏன் சொன்னேன் என்றால் எனக்குள் பயம் இருந்தது. ஊசியின் தயவில் கிளினிக்கில் எல்லாப் பல்லும் நல்ல பல்தான். மரமரப்பு விட்ட பிறகுதான் நாம் செய்தது சரியா தப்பா என்று தெரியும். பின்னால் இருந்த சொத்தைப் பல்லிலும் ஏதாவது கோளாறு இருந்து நான் விட்டிருந்தால்? மனிதர் அக்னிக்கு எதிரில், ஊர் பார்க்க, தண்ணீர்கூட இல்லாமல் உட்கார்ந்திருப்பார். அவர் நம்பிக்கையாகத் தலையாட்டிவிட்டுக் காரில் ஏறிய முகம் கண்ணுக்குள்ளேயே நின்றது. அன்றைக்கு ராத்திரி எனக்கு ஒழுங்கான தூக்கம் இல்லை. நீங்களும் இப்படி சில ராத்திரி தூங்கமாட்டீர்கள், அதற்காக வெட்கப்படாதீர்கள்.

காலையில் பல் தேய்த்துக்கொண்டிருக்கும்போதே போன் வந்தது. எடுத்தால் கெட்டிமேளம் காதைக் கிழிக்கிறது. அதற்கு மேல் சேகரின் குரல்.

"டாக்டரம்மா! மாமா அழுவுறாருங்க!"

"எங்க வலிக்குதாம்? கீழயா, காதுக்கு ஏறுதா? ராத்திரி மாத்திரை போட்டாரா? மணையிலேர்ந்து எழுந்துட்டாரா?"

"வலியா? நீங்க வேற, டாக்டரம்மா! கம்முனு உக்காந்து முழுசா தாரை வாத்துக் குடுத்தாரு. பொண்ணு கையப் புடிச்சி மாப்ள கையில வெச்சாரு பாருங்க, அப்ப ஆரம்பிச்சவருதான், இன்னும் நிறுத்தல. எங்கக்கா சொன்னாலும் கேக்கல. இருங்க, அவருகிட்டயே குடுக்கறேன்."

போன் கை மாறியது. மேளத்துக்கு நடுவில் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கொஞ்ச நேரம் கேட்டது. பிறகு கலியபெருமாள் பேசினார்.

"பல்லு நல்லா இருக்குதுங்க, டாக்டரம்மா."